காதுகுத்து மேட்ச்

சங்கவிக்குக் காது குத்துவது இரண்டு வருஷத்துக்கு மேலாகத் தள்ளிப்போய்க்கொண்டிருப்பதற்கு ஒரு பந்துதான் காரணம் என்று தைலம்மாள் சொன்னபோது, வேர்க்கடலை உடைக்கிற மல்லாட்டை மில்லில் யாரும் நம்பவில்லை.

"பந்தா? நெலத் தகராறுன்னு சொல்லு, நம்புறேன்" என்றாள் பக்கத்தில் உட்கார்ந்து சொத்தைப் பருப்பு பொறுக்கிக்கொண்டிருந்த சவுரியம்மாள்.

"நெலமா இருந்தா சர்வேயர வச்சி அளந்துப்புடலாமேக்கா. இது பந்து. உள்ள போச்சா, வெளிய போச்சான்னு எங்க வூட்டுக்காரரும் எந்தம்பியும் மூஞ்சி குடுத்துப் பேசிக்கறதில்ல. எம்பொண்ணு மூளிக் காதோட பால்வாடிக்குப் போய்க்கினு வர்றா."

அக்னி வெயில். தகரக் கூரையின் கீழ் மிஷின் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. மல்லாட்டைத் தோலின் தூசி மூக்கிலும் தொண்டையிலும் போய் அடைத்தது. தலையைச் சுற்றிக் கட்டிய துணியைப் பிரித்து முகத்தைத் துடைத்துவிட்டுத் திரும்பவும் கட்டிக்கொண்டாள் தைலம்மாள். வியர்வையோடு தூசியும் சேர்ந்து கழுத்தெல்லாம் நமநமவென்று அரித்தது. அதைவிட அதிகமாக அரித்தது இந்தச் சங்கதி.

அவள் புருஷன் பாண்டுரங்கனுக்குத் திண்டிவனம் மரக்காணம் ரோட்டில் சைக்கிள் கடை. பஞ்சர் ஒட்டுவான், வீல் கோட்டம் எடுப்பான், வாடகைக்கு சைக்கிள் விடுவான். வெயில் தாழ்ந்துவிட்டால் கடையை இழுத்துச் சாத்திவிட்டு கிரவுண்டுக்குப் போய்விடுவான். விடிவெள்ளி கால்பந்துக் கழகத்துக்கு அவன்தான் செயலாளர், கோல் காக்கிற கோலியும் அவன்தான். எழுபதுகளில் பத்தாவது பெயிலான பத்துப் பன்னிரண்டு பேர், பள்ளிக்கூடத்தை விட்டாலும் பள்ளிக்கூட கிரவுண்டை விட மனசில்லாமல் ஆரம்பித்தது அந்தக் கிளப். ஊரில் லாரி வைத்திருக்கிற ஒருவரைத் தலைவராகப் போடுவார்கள். வெளியூர் மேட்சுக்கு லாரி வேண்டுமே. தலைவருக்குக் கால்பந்து தெரிய வேண்டும் என்று யாரும் எதிர்பார்த்ததில்லை.

விழுப்புரத்துக் கிளப்புக்கு யங் ஸ்டார்ஸ் என்று பெயர். அது ரயில்வே காலனியில் பிறந்தது. சட்டைக்காரர் என்கிற ஆங்கிலோ இந்திய இஞ்சின் டிரைவர் ஒருவர் ரிட்டயராகிப் போகும்போது கொடுத்துவிட்டுப் போன ஒரு பந்தும் ஒரு ஜோடி பூட்ஸும்தான் முதல் சொத்து. அந்த ஒரு ஜோடி பூட்ஸை ஆளுக்கு ஒரு மேட்ச் என்று போட்டுக்கொண்டு ஆடினார்களாம். திண்டிவனத்துக்காரர்கள் அப்போது வெறுங்காலில் ஆடினவர்கள். அதனால் விழுப்புரத்தானுக்குக் காலில் தோல், தலையில் கொழுப்பு என்று பாண்டுரங்கன் சொல்வான்.

ஒவ்வொரு பொங்கலுக்கும் ஒரு வருஷம் இங்கே, ஒரு வருஷம் அங்கே என்று மேட்ச் நடக்கும். சண்டையும் நடக்கும். ஆனாலும் கடலூர்க்காரன், நெய்வேலிக்காரன் முன்னால் இரண்டு ஊரும் ஒன்றுதான். ஒரே ஜில்லாவாக இருந்த காலத்தில் இரண்டு பேரும் மாறி மாறிக் கடலூரில் போய்த் தோற்றுவிட்டு, ஒரே பஸ்ஸில் கடலை தின்றுகொண்டு திரும்பி வருவார்கள். அந்தச் சிநேகத்தில்தான் விழுப்புரம் பார்சல் ஆபீசில் மூட்டை தூக்குகிற மணிமாறன், பொம்மையார்பாளையத்தில் வலை பின்னிக்கொண்டிருந்த தன் அக்காளைத் திண்டிவனத்துக் கோலிக்குக் கட்டிக்கொடுக்கும்படி அப்பாவிடம் அடம்பிடித்தான். 'கடலுக்குப் போறவன் வேணாம்பா, கரையில நிக்கிறவனாப் பாத்துக் குடு' என்றானாம். கரையில் நிற்கிறவன் கோல் போஸ்டில் போய் நிற்பான் என்று தைலம்மாளுக்கு யார் சொன்னார்கள்?

தொண்ணூற்று மூணில் ஜில்லாவைப் பிரித்தார்கள். விழுப்புரம் தலைநகரம் ஆனது. வந்தது வினை. கலெக்டர் ஆபீசைத்தான் நீ எடுத்துக்கினியே, பந்தையாவது எங்களுக்கு விடு என்றது திண்டிவனம். தலைநகரத்து டீம்தான் ஜில்லா டீம் என்றது விழுப்புரம். சரி, ஆடித் தீர்த்துக்கொள்வோம் என்று அந்த டிசம்பரில் திண்டிவனத்தில் மேட்ச் வைத்தார்கள். பாண்டிச்சேரியிலிருந்து ரெஃப்ரி வந்தார்.

மேட்ச் முடியப்போகிற நேரம். கோல் விழவில்லை. மணிமாறன் இடது காலால் ஒன்று விட்டான். பாண்டுரங்கன் பாய்ந்து புழுதியில் விழுந்தான். எழுந்து பார்த்தால் பந்து வலைக்குப் பின்னால் கிடந்தது. வலை, தைலம்மாளின் அப்பா மருமகனுக்காகக் கொடுத்த பழைய மீன் வலை. அதில் ஆள் நுழைகிற அளவுக்கு எலி கடித்த ஓட்டை. பந்து கோலுக்குள் போய் ஓட்டை வழியாக வெளியே வந்ததா, போஸ்டுக்கு வெளிப்பக்கமாகவே போனதா?

ரெஃப்ரி கோல் என்றார். திண்டிவனத்துக் கூட்டம் ஓடிவந்து அவரைச் சூழ்ந்துகொண்டது. கோல் இல்லை என்றார். விழுப்புரத்துக் கூட்டம் ஓடிவந்தது. அவர் விசிலைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, டிவிஎஸ் வண்டியில் ஏறிப் பாண்டிச்சேரிக்கே போய்விட்டார். மேட்ச் முடியவே இல்லை.

அடுத்த வாரம் சங்கவிக்குக் காதுகுத்து வைத்திருந்தார்கள். பந்தல் போட்டு, மாலை வாங்கி, தாய்மாமனுக்குக் காத்திருந்தார்கள். மாமன் வரவில்லை. 'கோலுன்னு ஒத்துக்காதவன் வூட்டுல எனக்கு என்னா மாமன் மரியாதை' என்று சொல்லியனுப்பிவிட்டான். அதற்கடுத்த கோடையில் அப்பா செத்துப்போனார். அம்மா ஏற்கெனவே போய்விட்டாள். அந்தச் சாவில்கூட மாமனும் மச்சானும் பாடையின் ஆளுக்கொரு பக்கமாகத் தோள் கொடுத்துக்கொண்டு, ஒருத்தன் மூஞ்சியை ஒருத்தன் பார்க்காமலே சுடுகாடு வரை போனார்கள். அப்பன் ஆத்தாள் போனபிறகு தாய் வீடு என்று தைலம்மாளுக்கு மிச்சம் இருந்தது இந்தத் தம்பி ஒருத்தன்தான்.

இப்போது பிள்ளைக்கு அஞ்சு நடக்கிறது. ஒற்றைப்படை வயசில் குத்த வேண்டும். ஆடி பிறந்தால் ஆறு. அப்புறம் ஏழுக்குத்தான். ஏழு வயசுப் பெண் வெறும் காதோடு இருந்தால் கண்டவளும் கேட்பாள்.

வைகாசி பிறந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மில்லுக்குப் போகாமல் விழுப்புரம் பஸ் ஏறினாள் தைலம்மாள். ஜன்னலோரத்தில் அனல் அடித்தது. கூட்டேரிப்பட்டு, விக்கிரவாண்டி என்று பஸ் நின்று நின்று போனது. மடியில் ஒரு தூக்கில் கேப்பைக் களியும், அவனுக்குப் பிடிக்குமே என்று நெத்திலிக் கருவாட்டுக் குழம்பும்.

மணிமாறன் வீட்டில் இருந்தான். ராத்திரி பார்சல் இறக்கிவிட்டு வந்து, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, பூட்ஸுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். அவன் பெண்டாட்டி கிருஷ்ணவேணிதான் ஓடிவந்து தூக்கை வாங்கினாள்.

"வாங்க அண்ணி. இந்த வெயில்ல ஏன் வந்தீங்க? ஆளனுப்பி இருந்தா நான் வந்திருப்பனே."

"நீ வந்து இன்னா ஆவப்போவுது? வரவேண்டியவன் இந்தா பூட்ஸுக்குத் தாலாட்டு பாடிக்கினு உக்காந்திருக்கான்."

"வாக்கா" என்றான் மணிமாறன், தலையை நிமிர்த்தாமல்.

"டேய், வர்ற ஞாயித்துக்கெழம மயிலம் மலையில காது குத்தறோம். ஒம்போதரைக்கு மேல நேரம். நீ வந்து மடியில வச்சிக்கணும். அவ்ளோதான். வேற எதுவும் நான் கேக்கல."

"நான் வர்றேன்க்கா. எனக்குப் புள்ள மேல கோவமா? மாமா ஒரே ஒரு வார்த்தை சொல்லட்டும். கோலுன்னு. நாளைக்கே வர்றேன்."

"அவரு சொல்ல மாட்டாரு. ஒனக்குத் தெரியாதா?"

"அப்ப நான் பொய்யனா? விழுப்புரம் ஸ்டேஷன்ல போய்க் கேளு. மணிமாறன் அடிச்சது கோலான்னு. இஞ்சின் டிரைவர்லருந்து டீ விக்கறவன் வரைக்கும் சொல்லுவான்."

"டீ விக்கறவனாடா மேட்ச் பாக்க வந்தான்? இன்னாடா பேஜாராக் கீது ஒங்களோட! எம்பொண்ணு காதுக்கும் ஒன் கோலுக்கும் இன்னாடா சம்பந்தம்?"

"சம்பந்தம் இல்லக்கா. மரியாதை." பூட்ஸைக் கீழே வைத்தான். "அன்னைக்கி அந்த கோலு குடுத்திருந்தா நான் ஜில்லா டீமு. ஜில்லா டீமுல ஆடியிருந்தா ரயில்வேல பர்மனென்ட் ஆயிருப்பேன். ஸ்போர்ட்ஸ் கோட்டா. தெரியுமா ஒனக்கு? இன்னைக்கும் மூட்ட தூக்கிக்கினு கெடக்கறேன். அது மாமாவுக்குத் தெரியும். தெரிஞ்சும் இல்லன்னாரு."

இதைத் தைலம்மாள் யோசித்ததில்லை. அவன் தோளில் மூட்டை அழுத்தித் தழும்பேறிப் போயிருந்த இடத்தைப் பார்த்தாள். அந்த ஒரு நிமிஷம் அவளுக்கு மனசு இளகியது. அதற்குள் அவனே கெடுத்தான்.

"ஒண்ணு செய்யலாம். விட்ட மேட்ச ஆடி முடிச்சிடலாம். மயிலத்துக்குக் கீழ ஏரி காஞ்சிதானே கெடக்குது? ஞாயித்துக்கெழம காலைல வெள்ளன அவங்க டீமு வரட்டும், எங்க டீமு வரும். அவரு ஜெயிச்சா நான் அந்தப் பேச்சே எடுக்கல. நாங்க ஜெயிச்சா முருகன் முன்னாடி கோலுன்னு சொல்லட்டும். முடிச்சிட்டு மேல வந்து காது குத்திடலாம்."

"காதுகுத்துல மேட்சாடா?"

"போய்ச் சொல்லு. அவரு மாட்டேன்னா நான் பாத்துக்கறேன்."

கிருஷ்ணவேணி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தாள். கல்யாணமாகி ஆறு வருஷம், அவளுக்குக் குழந்தை இல்லை. வழியெல்லாம் சங்கவியைப் பற்றியே கேட்டுக்கொண்டு வந்தாள். என்ன சாப்பிடுகிறாள், பால்வாடியில் அழுகிறாளா, தலைமுடி எவ்வளவு நீளம் வளர்ந்திருக்கிறது. பஸ் கிளம்பும்போது, "எப்படியாவது அண்ணனச் சரின்னு சொல்ல வைங்க அண்ணி. இந்த மனுசன் தூக்கத்துலகூடக் கால ஒதைக்கறாரு" என்றாள்.

சரி என்று சொல்ல வைக்க வேண்டிய வேலையே இல்லை. பாண்டுரங்கன் செயினைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுக்கொண்டிருந்தான். அவள் சொல்லி முடிப்பதற்குள் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிட்டான்.

"அவனா சொன்னான்? விட்ட மேட்சுன்னு அவன் வாயாலயே சொன்னானா?"

"ஆமா."

"அப்ப முடியலன்னு ஒத்துக்கறான் பாத்தியா! முடியாத மேட்சுல ஏது கோலு?"

கல்யாணத்தன்றைக்குக்கூட அந்த மூஞ்சியில் அப்படி ஒரு வெளிச்சம் வந்ததில்லை. தைலம்மாள் வாசற்படியில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"யோவ், அந்தப் பந்து நெஜமா எங்கதான்யா போச்சு? எனக்கு மட்டும் சொல்லு."

பாண்டுரங்கன் குனிந்து ஊறப்போட்ட செயினைக் கிளறினான். "நான் எங்க பாத்தேன்? கண்ணு பூரா புழுதி" என்றான். பிறகு குரலை உயர்த்தி, "ஆனா உள்ள போவல" என்றான்.

"அவனுக்கு வேல போச்சுன்றான்."

"கோட்டாவா? நெய்வேலிக்காரன் இருக்கறப்ப இவனுக்குக் குடுக்கப் போறானா? ஒந்தம்பிக்குக் கனவு" என்றான். ஆனால் அன்றைக்கு ராத்திரி அவன் பாதிச் சோற்றிலேயே எழுந்து கை கழுவினான்.

ஞாயிற்றுக்கிழமை விடியும்போது மயிலத்தில் ஒரு லாரியும் ஒரு வேனும் நின்றன. லாரியில் விடிவெள்ளியும் புளிசாத அண்டாவும். வேனில் யங் ஸ்டார்ஸும் தாய்மாமன் சீர்த்தட்டும். மணிமாறன் ஒரு சின்ன டப்பியைக் கிருஷ்ணவேணி கையில் கொடுத்து, "கம்மலு. பத்தரம். நான் வந்துடறேன்" என்றான். மாமனும் மச்சானும் ஒருவரையொருவர் பார்க்காமல் ஏரியில் இறங்கினார்கள். பின்னாலேயே சொந்தக்கார ஆம்பளைகள் எல்லாரும் இறங்கினார்கள். காதுகுத்துக்கு வந்தவர்களில் பொம்பளைகள் மட்டும் மலை ஏறினார்கள்.

மொட்டை போட்டாகிவிட்டது. சங்கவியின் தலையில் சந்தனம் பூசிப் பட்டுப்பாவாடை கட்டியாகிவிட்டது. வெயில் ஏற ஏறக் கருங்கல் தளம் காலைச் சுட்டது. கீழே காய்ந்த ஏரியில் புழுதி எழும்புவதும், "ஓ" என்று சத்தம் வருவதும் மலையிலிருந்தே தெரிந்தது. காது குத்த வந்த நகைப் பத்தர் ஊசியை எலுமிச்சம்பழத்தில் குத்தி வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"ஏம்மா, மாமன் எங்க?"

"வந்துக்கினே இருக்கான் பத்தரே."

"எனக்கு அடுத்தாப்ல கிளியனூர்ல ஒரு வூட்டுல குத்தணும். பத்தரைக்கு மேல நான் இருக்க முடியாது. நேரமும் இல்ல."

தைலம்மாள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு படி இறங்கினாள். கிருஷ்ணவேணியும் பின்னால் ஓடிவந்தாள். ஏரிக்கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது ஆட்டம் நின்றுபோயிருந்தது. எல்லாரும் ஒரு பக்கத்தில் கும்பலாக நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். கோல் போஸ்டுக்குப் பதிலாக இரண்டு கருங்கல். மேலே கட்டை கிடையாது. மணிமாறன் அடித்த பந்து பாண்டுரங்கன் தலைக்கு மேலே போயிருக்கிறது. அது கோல் உயரமா, அதற்கும் மேலா?

"கை தூக்கினா எட்டற ஒசரம்தான்!" என்றான் மணிமாறன், யங் ஸ்டார்ஸ்காரர்களைப் பார்த்து.

"யார் கை தூக்கினா? அவன் நெட்டையன். அவன் கைக்கு எட்டும். கோல்ல நிக்கறது நான். என் கைக்கு எட்டல" என்றான் பாண்டுரங்கன், விடிவெள்ளிக்காரர்களைப் பார்த்து.

"அவரு குட்டையாப் பொறந்ததுக்கு நாங்க இன்னா பண்றது?"

"டேய்!" என்று கத்தினாள் தைலம்மாள். கும்பல் திரும்பியது. "பத்தரு கெளம்பறாரு. நேரம் முடியப்போவுது. ஜல்தி வாங்க ரெண்டு பேரும்."

"தோ வந்துட்டேன்க்கா. ரெண்டே நிமிசம்."

"இத முடிச்சிட்டு வர்றேம்மே. நீ போ, நீ போ."

திரும்பவும் கும்பல் அவர்களை மூடிக்கொண்டது. தைலம்மாள் அங்கேயே நின்றாள். அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. அலுப்புதான் வந்தது. மில்லில் நாளெல்லாம் பொறுக்கின பருப்பை யாரோ காலால் எத்திவிட்ட மாதிரி ஓர் அலுப்பு. இவர்கள் இங்கேயே நிற்கட்டும். இந்தப் பந்து கோலாகட்டும், ஆகாமல் போகட்டும். ஏழு வயசு வரைக்கும் இந்தச் சத்தத்தை என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியாது.

"வாடி" என்று கிருஷ்ணவேணியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படி ஏறினாள்.

மேலே வந்ததும், "பத்தரே, ஊசிய எடுங்க. கிருஷ்ணவேணி, நீ உக்காரு. புள்ளய மடியில வச்சிக்க" என்றாள்.

கிருஷ்ணவேணி பின்னால் நகர்ந்தாள். "நானா? வேணாம் அண்ணி. நான் எப்படி... எனக்கே ஒரு புள்ள இல்ல. நாலு பேரு நாலு விதமாச் சொல்லுவாங்க."

சொல்லவும் செய்தார்கள். "மாமன் இல்லாம மாமி மடியிலயா?" என்றாள் முகையூரிலிருந்து வந்திருந்த, பாண்டுரங்கனின் பெரியம்மா லட்சுமியம்மாள். "அதுவும் வயிறு தெறக்காதவ..."

"பெரிம்மா, வாய மூடிக்கினு இருங்க" என்றாள் தைலம்மாள். அவள் அந்த வீட்டுப் பெரியவர்களிடம் அப்படிப் பேசியதே இல்லை. "புள்ள எப்படி இருக்கா, இன்னா துண்றான்னு வழியெல்லாம் கேட்டுக்கினு வந்தவ இவதான். மாமன் கேக்கல. நீங்களும் கேக்கல. கிருஷ்ணவேணி, உக்காருன்னா உக்காரு!"

கிருஷ்ணவேணி உட்கார்ந்தாள். டப்பியைத் திறந்து கம்மலைப் பத்தரிடம் நீட்டினாள். சங்கவி மாமியின் மடியில் ஏறி உட்கார்ந்து, ஊசியைப் பார்த்ததும் வீறிட்டாள். கிருஷ்ணவேணி அவளை நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டு, மொட்டைத் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். வலது காது. இடது காது. யார் அதிகம் அழுதது என்று சொல்ல முடியவில்லை. பத்தர் கிளியனூருக்குக் கிளம்பிவிட்டார்.

புளிசாதம் பாதி தீர்ந்தபோது ஆம்பளைகள் வந்தார்கள். தலையிலிருந்து கால் வரை ஒரே புழுதி. முன்னால் பாண்டுரங்கன், நாலு படி தள்ளி மணிமாறன். கிருஷ்ணவேணி மடியில் சங்கவி காதில் கம்மலோடு, தேம்பல் அடங்காமல் வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தாள்.

மணிமாறன் அப்படியே நின்றுவிட்டான்.

"குத்திட்டீங்களா?"

"குத்தியாச்சு" என்றாள் தைலம்மாள், இலை போட்டுக்கொண்டே.

"என் மடியில இல்லாமயா? நான்தானே மாமன்? நான்தானே கம்மலு எடுத்தேன்?" சின்னப் பிள்ளையில் அவன் அம்மாவிடம் அடி வாங்கினால் உதடு எப்படிக் கோணுமோ அப்படிக் கோணியது. மூட்டை தூக்குகிற அந்தப் பெரிய கைகள் இரண்டும் எங்கே வைப்பது என்று தெரியாமல் தொங்கின. தைலம்மாள் அதை ஓரக்கண்ணால் பார்த்தாள். ஆனாலும் அவள் நிமிரவில்லை.

"அதானே!" என்று பாய்ந்தான் பாண்டுரங்கன். "பெத்தவன் கீழ இருக்கேன், தாய்மாமன் கீழ இருக்கான். ஒரு வார்த்தை கேக்காம நீ பாட்டுக்குக் குத்துவியா? அவன் எப்பேர்ப்பட்ட ஆசையில வந்திருக்கான்! தெரியுமா ஒனக்கு?"

"நேரம் போச்சு. கூப்ட்டேன். வரல."

"கூப்ட்டா? இன்னும் கொஞ்சம் நின்னு கூப்புடக் கூடாதா?" என்றான் பாண்டுரங்கன். அப்படியே திரும்பி மணிமாறனின் தோளைப் பிடித்தான். "நீ வுடுடா மச்சான். அழுவாத. இவ இப்படித்தான். எது சொன்னாலும் காதுலயே வாங்க மாட்டா."

"பின்ன இன்னா மாமா" என்றான் மணிமாறன், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "சின்னதுலருந்தே அக்காவுக்கு இந்தத் திமிருதான். எங்கப்பாவே சொல்லுவாரு. நீங்க கொஞ்சம் அடக்கி வச்சிருக்கணும் மாமா."

"நான் எங்கடா அடக்கறது? எங்கூட்ல நான் வாயத் தெறக்க முடியுதா?"

"அதுவும் பெரிய மனுசங்களக் கேக்காம..."

"அதான்டா நானும் சொல்றேன்."

இரண்டு பேரும் அடுத்தடுத்த இலைகளில் உட்கார்ந்தார்கள். மணிமாறன் அப்பளத்தை எடுத்து மாமாவின் இலையில் வைத்தான். பாண்டுரங்கன் தண்ணீர்ச் சொம்பை மச்சான் பக்கம் நகர்த்தினான். இவள் செய்த அநியாயத்தை ஒருத்தன் விட்ட இடத்திலிருந்து மற்றவன் எடுத்துச் சொல்லிக்கொண்டே சாப்பிட்டார்கள்.

கிருஷ்ணவேணி கண்ணை அகலத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மெல்லத் தைலம்மாளிடம் சாய்ந்தாள். "அண்ணி, பாத்தீங்களா? ரெண்டு பேரும் பேசிக்க..."

தைலம்மாள் அவள் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள்.

"சும்மா இருடி. ஞாபகப்படுத்திப்புடாத" என்று சொல்லிவிட்டு, தன்னை ஏசுகிறவர்களுக்கு இன்னொரு கரண்டி புளிசாதம் போட எழுந்து போனாள்.